ஒரு அவுன்ஸ் ஊதா மருந்து

1

முதல்லயே ஒத்துக்கிறேன். இந்தக் கதை ஒரு பூனையால வந்தது.

மாத்தளையில எங்க பார்மசி வாசல்ல ஒரு பூனை. காதுல புண். ஊதா மருந்து போடலாம்னு போத்தலத் தொறந்தேன். (தெரியும்தானே? சின்னப் புள்ளைங்க வாய்ப்புண்ணுக்குப் பூசுவாங்களே, நாக்கெல்லாம் நாவப்பழம் தின்ன மாதிரி ஆயிருமே, அதுதான்.) பூனை ஒரே பிராண்டு. போத்தல் கவுந்து என் வலது கை மணிக்கட்டு வரைக்கும் ஊதா. சவுக்காரம் போட்டேன், தேசிக்காய் தேய்ச்சேன், சாம்பலும் தேய்ச்சேன். இருபத்தாறு வருஷமா "இது போகாதும்மா, ஒம்பது நாள் ஆகும்"னு ஊருக்கே சொல்லி விக்கிறவ நான். என் கைன்னு வந்ததும் தேய்க்கிறேன் பாருங்க!

தேய்ச்சுக்கிட்டிருக்கும்போதுதான் மண்டையில அடிச்ச மாதிரி தோணிச்சு. இந்த மருந்தப் பூசின ஆள ஒளிச்சு வைக்கவே முடியாதே! அடேயப்பா! அந்த எண்ணத்த எங்க வச்சா வெடிக்கும்? கடைய ஹிதாயாகிட்ட விட்டுட்டு, பின்னால மருந்துப் பெட்டி மேல உக்காந்து எழுத ஆரம்பிச்சேன்.

(ஹிதாயா என்னோட கடையில வேலை செய்றவ, இந்தக் கதையோட முதல் வாசகி. மேல உள்ளதப் படிச்சிட்டு "எந்தப் பூனை?"ன்னு கேட்டா. அத விடுங்க.)

2

முதல் ஆரம்பம்:

"1940ஆம் ஆண்டு. எல்கடுவையின் பனி தவழும் மலைச்சரிவில், பச்சைக் கம்பளம் விரித்தாற்போல்—"

சீ! வெட்டியாச்சு. பச்சைக் கம்பளம்னு எழுதின ஒருத்தரும் அதுக்குள்ள எறங்கி அட்டைக்கடி வாங்கினவங்க இல்ல.

ரெண்டாவது ஆரம்பம்:

"தோட்டத்து டிஸ்பென்சர் இராசமாணிக்கம் அஞ்சா நெஞ்சர்—"

பச்சைப் பொய். மனுஷன் பயந்தாங்கொள்ளி. தோட்டத்த ஆளுற தொரையோட மோட்டார் சைக்கிள் சத்தம் தூரத்துல கேட்டாலே எழும்பி நின்னுக்கிட்டு மாத்திரை எண்ணுறவர். அவர வீரனா எழுதினா கதை பத்து வரியில முடிஞ்சு போயிரும். எனக்குக் கதை வேணும்.

மூணாவது. இது நிக்குது:

காலை ஆறரை மணிக்கு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்திலேயே அடி விழுந்தது. வேலைநிறுத்தத்தின் பன்னிரண்டாம் நாள். சங்கத்தில் சேர்ந்ததற்காக இரண்டு குடும்பங்களைத் தொரை தோட்டத்தைவிட்டு விரட்டியிருந்தார். அவர்களைத் திரும்ப எடுக்கச் சொல்லி நின்ற கூட்டத்தின்மீது தடிக்காரர்களை ஏவிவிட்டார். தலையில் விழ வந்த அடியைக் கையைத் தூக்கித் தடுத்தார்கள். அதனால் காயமெல்லாம் கையில்தான். பதினோரு பேர். மிக மோசம் பேச்சியம்மாவுக்கு. பெண்களைச் சங்கத்துக்குத் திரட்டியவள் அவள். வலது கையில் மூன்று விரல்கள் பிளந்திருந்தன. கொழுந்து எடுக்கிற விரல்கள்.

ஏழு மணிக்கு உத்தரவு வந்தது. பகல் இரண்டுக்கு மாத்தளையிலிருந்து பொலிஸ் லொறி வரும். காயம்பட்டவன் எல்லாம் கலகக்காரன். அவனுக்கு மருந்து போடுகிறவனும் அதே லொறியில் ஏறுவான்.

(தோட்டத்துக்கு ஏன் பேர் இல்லன்னு கேப்பீங்க. இது என் கற்பனை, சரித்திரம் இல்ல. நாலு பேர் வச்சுப் பாத்தேன். நாலும் எங்கேயோ இருக்கிற தோட்டமா இருந்துச்சு. யாருக்கு வம்பு?)

3

இராசமாணிக்கம் ஆஸ்பத்திரிக் கதவை உள்ளே தாழ்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தட்டியது அழகம்மா, தோட்டத்து மருத்துவச்சி.

"ஐயா, தொறங்க. பேச்சி கையில ரத்தம் நிக்கல."

"எனக்கு உத்தரவு இல்ல அழகம்மா. எனக்கும் மூணு பொம்பளப் புள்ளைங்க இருக்கு."

"தெரியுங்க. மூணையும் இந்தக் கைதானே எடுத்துச்சு."

(இந்த வரி வந்ததும் நான் மேசையில ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். முன்னால நின்ன மனுஷன் பயந்துபோய் பனடோல் வேணாம்னுட்டுப் போயிட்டார்.)

கதவு திறந்தது.

உள்ளே அயடின் இல்லை. போன வாரமே தொரை மருந்து அலமாரியைப் பங்களாவுக்குத் தூக்கிப் போய்விட்டார். மிச்சம் கிடந்தது காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா, விளக்கெண்ணெய், தைக்கிற ஊசியும் கறுப்பு நூலும், பிறகு ஊதா மருந்து. புண் சீழ் வைக்காமல் இருக்க அது போதும். வாசல் பக்கம் ஒரு காதைக் கொடுத்தபடியே இராசமாணிக்கம் தைக்க ஆரம்பித்தார்.

"மெதுவா ஐயா, அது துணியில்ல," என்றாள் பேச்சியம்மா.

மூன்றாவது விரலுக்கு வரும்போது தையல் சீராக விழுந்தது. தொரையின் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுக்கக்கூட அவருக்கு மறந்துபோனது. அழகம்மாவும் கூட நின்று பூச, பதினோரு பேருக்கும் கழுவி, தாராளமாக, முழங்கை வரை ஊதா பூசினார். ஒருவருக்கும் கட்டுப் போடவில்லை.

"கட்டுப் போட்டா தூரத்துலயே தெரிஞ்சிரும்," என்றார் பெருமையாக. "இப்ப ஒருத்தனாலயும் கண்டுபுடிக்க முடியாது, போங்க."

4

ஒன்பதரைக்கு அழகம்மா தண்ணீர்ப் பீலிக்கரையில் கை கழுவிவிட்டு வந்து நின்றாள்.

"ஐயா."

"ம்."

"கையக் கழுவுனேன்."

"நல்லது."

"போகலீங்க."

இராசமாணிக்கம் தன் கைகளைப் பார்த்தார். பிறகு அப்படியே வாங்கில் உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளையார் புடிக்கப் போயி கொரங்கான கதைதான்! யோசிச்சுப் பாருங்க. தோட்டத்துல கீறல் இல்லாத கை எது? தேயிலை வாது கிழிக்கும், கவ்வாத்துக் கத்தி வெட்டும். பொலிஸ் நானூறு பேர் கையப் புரட்டினாலும் எது தடியடி, எது கத்தின்னு சொல்ல முடியாது. பேச்சியம்மா தையல்கூட அந்த ஊதாவுக்குள்ள மறைஞ்சு போச்சு. மருந்தே போடாம விட்டிருந்தா புண்ணு அழுகும், ஆனா ஆள் தப்பிக்கலாம். மருந்து போட்டதால கை பொழைச்சுச்சு, ஆள் மாட்டிக்கிச்சு. எனக்கு இந்த மனுஷனக் கட்டிப் புடிச்சு அழணும் போல இருக்கு.

4, மறுபடியும்

முடிவு ஒன்று: பதினோரு பேரும் காட்டுக்குள்ள எறங்கி ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் ஓடிர்றாங்க.

ஹிதாயா: "ஓடினா, பெரட்டுல பேரக் கூப்பிட்டதும் யார் இல்லன்னு தெரியும்தானே? உனக்குப் புத்தி இல்லையா மங்களம்?"

முடிவு ரெண்டு: இராசமாணிக்கம் தொரைகிட்ட போய், "நான்தான் செஞ்சேன், என்னப் புடிங்க"ங்கிறார்.

ஹிதாயா: "புடிப்பான். பொறகு அந்தப் பதினோரு பேரையும் புடிப்பான்."

முடிவு மூணு. இது நடு மத்தியானம், ஒரு பாட்டம் மழை பேஞ்சு விட்ட நேரம், பெட்டி மேல இருந்து குதிச்சே எழும்பிட்டேன். "ஹிதாயா! எல்லார் கையும் ஊதாவா இருந்தா?"

"நானூறு பேருக்கா? அவர்ட்ட இருக்கிறது ஒரு போத்தல்."

"போத்தல் இல்லடி, தூள்! டின்னுல ஒரு அவுன்ஸ் தூள் இருக்கு! வாய்ப்புண்ணுக்குக் கரைக்கிறத விடப் பத்து மடங்கு தண்ணி ஊத்தினாலும் தோல்ல புடிக்கும். ரெண்டு பெரிய வாளி நெறைய வரும்!" இருபத்தாறு வருஷத் தொழில், பொய் சொல்லாது. கடையில ரெண்டு சுத்துச் சுத்தினேன்.

ஹிதாயா சிரிக்கல. "தண்ணி சரி. மனுசங்க? அடி வாங்காத ஆள் எதுக்குக் கைய விடணும்? விட்டா அவனும் லொறியில. நானா இருந்தா விடமாட்டேன், வல்லாஹி."

அப்பிடியே உக்காந்துட்டேன்.

5

பகல் ஒன்றே முக்கால். ஆட்களைக் கூட்டும் பெரட்டுத் தப்பு ஒலித்தது. நானூறு பேர் வந்து நின்றார்கள். நடுவில் இரண்டு வாளி. பக்கத்தில் இராசமாணிக்கம், சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக்கொண்டு. மலைப்பாதையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பயம் எங்கேயும் போய்விடவில்லை. (ஆமா, போக வேணாம். அது இருக்கட்டும்.)

"நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்," என்றார். "மருந்து போடுறேன்னு பதினோரு பேர மாட்டி விட்டுட்டேன். இது வெறும் மருந்துதான், ஒன்னும் செய்யாது. யாரு அடிபட்டவங்கன்னு தெரியாம இருக்கணும்னா எல்லாரும் கைய விடணும். பத்து இருபது பேர் விட்டா அந்தப் பத்து இருபது பேரையும் ஏத்திருவாங்க. நானூறு பேர ஏத்த அவங்ககிட்ட லொறி இல்ல."

யாரும் அசையவில்லை.

அழகையா வாயைத் திறந்தான். வேலைநிறுத்தத்தில் சேராமல் பன்னிரண்டு நாளும் மலைக்கு வேலைக்குப் போனவன். "நான் வேலைக்குப் போனவன்யா. எனக்கு எதுக்கு இந்த வம்பு?"

பேச்சியம்மா கோபப்படவில்லை. தைத்த கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சொன்னாள்: "விடாட்டிப் போங்கண்ணே, நான் திட்ட மாட்டேன். ஆனா நாளைக்கு ஒங்களுக்கு ஒன்னுன்னா கதவத் தொறக்க இந்த ஐயா இருக்க மாட்டாரு. அதையும் நெனைச்சுக்கங்க."

கீழே மூன்றாம் வளைவில் லொறி கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது.

முதலில் கையை விட்டது அழகையா—

(வேணாம். அழகா இருக்கு, ஆனா நம்ப மாட்டீங்க. நானே நம்பல.)

முதலில் கையை விட்டது ஒரு சின்னக் குழந்தை—

(சீச்சீ. பெரியவங்களுக்குத் தைரியம் வராத எடத்துல குழந்தையக் கொண்டாந்து விடுறது எழுத்தாளன் பண்ற திருட்டு.)

முதலில்—

6

பூனை இல்லீங்க. பூனையே இல்ல.

ஒரு தாய் வந்து "இது புள்ள வாயிலருந்து எப்பப் போகும்?"னு கேட்டா, அதுலதான் கதை வந்தது. என் கை அப்ப சுத்தமா இருந்துச்சு. வியாழக்கெழம, அந்த "முதலில்"ல ரெண்டு மணி நேரம் மாட்டிக்கிட்டு நின்னேன். எழுதுறவளுக்கே தெரியாதுன்னா எப்பிடி? கடையில உள்ள பேசின்ல மருந்தக் கரைச்சேன். விட்டுப் பாத்துருவோம்னு கையக் கொண்டு போனேன்.

போகல.

வெக்கமா இருக்கு, சொல்றேன். என்னப் புடிக்க எந்த லொறியும் வரல. கடை வாசல்ல வெயில் அடிக்குது, பஸ்காரன் நாலந்தா, நாலந்தான்னு கூவுறான். அப்படியும் என் கை தண்ணிக்கு மேல ஒரு விரக்கடை ஒயரத்துல நின்னுக்கிட்டே இருக்கு. நாளைக்கு வர்றவங்க என்ன கேப்பாங்க, என்ன சொல்லலாம்னு ஓடுது மனசு. பூனைன்னு சொல்லலாம்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன், பாருங்க. அதுக்கப்புறந்தான் கை உள்ள போச்சு. முதல் வரியில நான் சொன்ன பொய்யோட விலை அவ்வளவுதான். இராசமாணிக்கத்துக்குச் சொல்லிக்க ஒரு பூனைகூட இல்ல.

ஹிதாயா பாத்துக்கிட்டே நின்னா. ஞாயித்துக்கெழம அவ நானா, அதான் அவ அண்ணன், மகளோட கலியாணம். சனிக்கெழம ராவைக்கு இவ கைக்கும் மருதோண்டி வைக்க இருந்தாங்க.

"பைத்தியம்," என்றா.

"ஆமா."

"நீ விட்டா மட்டும் நானும் விடணும்னு இருக்கா?"

"இல்லடி. நான் கேக்கவே இல்லையே."

தன் கையத் திருப்பிப் பாத்தா. பிறகு கண்ணாடிப் பெட்டி மேல மோதிரத்தக் கழட்டி வச்சா. சட்டைக் கைய மேல இழுத்துவிட்டா. பிஸ்மின்னு அல்லா பேரச் சொன்னது எனக்குக் கேட்டுச்சு. நான் எழுதாத வரி அது. எனக்குச் சிரிப்பு வந்துச்சு.

இப்ப லொறி ரெண்டாம் வளைவுக்கு வந்துட்டுது. இராசமாணிக்கம், அழகம்மா, பதினோரு பேர், நான், ஹிதாயா. எண்ணிப் பாருங்க, பதினைஞ்சு பேர்தான். ஒரு லொறிக்குத் தாராளமா கொள்ளும். பாக்கிப் பேர் கையப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. நீங்களும் அங்கதான் நிக்கிறீங்க, இவ்வளவு நேரம் படிச்சிட்டீங்க, இனி இல்லன்னு சொல்ல முடியாது. முடிவ நான் எழுதப் போறதில்ல. இராசமாணிக்கம் வாளிய உங்க பக்கம் தள்ளி வைக்கிறாரு.

மோதிரம் போட்டிருந்தா கழட்டிருங்க.