ஆறு சேவல்களும் ஒன்பது டிகிரிக் குளிரும்

ஐந்தாங்கட்டைத் தோட்டத்துக் கடைசி லயத்தில், கோழி வளர்க்கும் பஞ்சாலை என்ற பெண்ணின் வேலிக்குள் மட்டும், பங்குனி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலையில் வெப்பம் மூன்று டிகிரி குறைந்தது. வேலிக்கு அப்பால் எண்ணெய்ப் பனைகளின் மேல் வழக்கமான வெயில் ஏறியது. பக்கத்து ஊரான ரந்தாவிலிருந்து வந்த பள்ளி வேன் வழக்கம்போல் புழுதி கிளப்பிப் போனது. வேலிக்குள் இருபத்தேழு டிகிரி இருபத்து நான்காக இறங்கி, உச்சிப் பொழுதிலும் ஏறாமல் அங்கேயே நின்றது. இந்த எண்களில் ஐயத்துக்கு இடமில்லை. இரண்டு நாள்களுக்கு முன் அவளிடம் நாற்பத்து மூன்று குஞ்சுகள் பொரித்திருந்தன. குஞ்சு வளர்ப்பவள் என்ற முறையில் அவள் பெட்டிக்குள் ஒன்றும் கதவு நிலையில் ஒன்றுமாக இரண்டு வெப்பமானிகள் தொங்கவிட்டு, காலையும் மாலையும் பார்த்து நாள்காட்டித் தாளில் குறித்து வந்தாள்.

தொழிலாளர் வரிசை வீடுகளான அந்த லயத்தில் அப்போது ஏழு குடும்பங்களே எஞ்சியிருந்தன. ரப்பர் போய்ப் பனை வந்தபோது பாதிப் பேர் போனார்கள். பனையும் போய் வீடமைப்பு வரப்போகிறது என்றபோது மற்றவர்களும் போனார்கள். நிலத்தை வாங்கிய கம்பெனி, போகிறவர்களுக்கு பாரோய்ப் பக்கம் அடுக்குமாடியில் ஆளுக்கு ஒரு வீடு தருவதாகச் சொன்னது. ஏழு குடும்பமும் பிரியாமல் நின்றால் கம்பெனி இறங்கி வந்து முற்றத்தோடு தரைவீடு தரும் என்று லயத்துத் தலைவர் குணாளன் சொன்னார். ஆகவே தீபாவளிக்கு மறுநாள் ஏழு வீட்டாரும் முனியாண்டி கோவிலில் கூடி, கல்லின் மேல் கொளுத்திய சூடத்தை ஒவ்வொருவராக உள்ளங்கையால் அடித்து அணைத்து, தனியாக யாரும் கையெழுத்துப் போடுவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். பஞ்சாலைக்குக் கணவர் இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன, பிள்ளைகள் இல்லை, முப்பது பெட்டைகளும் ஆறு சேவல்களும் இருந்தன. முற்றம் இல்லாத வீடு அவளுக்கு வீடாகாது. அவள் உள்ளங்கையில் சூடம் சுட்ட புண் பொங்கல் வரை ஆறவில்லை.

குளிர் வந்ததற்கு முந்தைய மாலை குணாளன் அவளிடம் ஒரு சேவல் கேட்டு வாங்கிப் போயிருந்தார். முனியாண்டிக்குக் கொடுக்கும் சேவலைச் சந்தையில் வாங்குவது அந்தத் தோட்டத்தில் வழக்கம் இல்லை. லயத்துக்குள் வளர்ந்த சேவலை வாய்விட்டுக் கேட்டுப் பெற வேண்டும். கொடுப்பவர் என்ன வேண்டுதல் என்று கேட்கக் கூடாது, கேட்டால் வேண்டுதல் முறிந்துவிடும். பஞ்சாலை கேட்கவில்லை. கொடுத்த சேவலின் இடக்கால் நகம் ஒன்று ஒடிந்திருந்ததை மட்டும் செவ்வாய்க்கிழமை மதியம், தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு நினைத்துப் பார்த்தாள். குணாளனிடமே போய்ச் சொன்னாள்.

"கொற உள்ள சேவல குடுத்துட்டேன்ணே. அதான் சாமி கோச்சிக்கிட்டாரு போல."

குணாளன் தரையில் கிடந்த சருகு ஒன்றைக் காலால் ஒதுக்கினார். "இருக்கும் தங்கச்சி," என்றார். "அடுத்த தடவ நல்லதா பாத்துக் குடு."

அடுத்த திங்கட்கிழமை இரண்டாம் வீட்டார் சேவல் கேட்டு வந்தார்கள். கொண்டை நிமிர்ந்த, நகம் முழுமையான ஒன்றைப் பார்த்துக் கொடுத்தாள். மறுநாள் காலை வெப்பமானி இருபத்தொன்றைக் காட்டியது. மூன்றாம் வாரம் செல்லம்மா வீட்டார் வந்தார்கள், பதினெட்டு. நான்காம் வாரம் வந்தவர்களுக்குச் சேவலின் காலை மஞ்சள் தண்ணீரில் கழுவிக் கொடுத்தனுப்பினாள், பதினைந்து. தான் கொடுத்த ஒவ்வொரு சேவலிலும் ஏதோ ஒரு குறையைச் சாமி கண்டுபிடிக்கிறார் என்று அவள் நம்பினாள். ஆகையால் ஒவ்வொரு முறையும் முந்தியதைவிட அழகான சேவலைக் கொடுத்தாள்.

குஞ்சு வளர்ப்பில் ஒரு கணக்கு உண்டு. முதல் வாரம் பெட்டிக்குள் முப்பத்தைந்து டிகிரி இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். அதற்குள் பஞ்சு உதிர்ந்து இறகு வந்துவிடும். பஞ்சாலை குறைக்க வேண்டிய மூன்று டிகிரியை வெளிக்குளிர் முந்திக்கொண்டு எடுத்தது. ஒரு பல்பு இரண்டாயிற்று, இரண்டு நான்காயிற்று. பல்பைச் சுற்றிச் சிவப்புக் காகிதம் கட்டினாள். வெள்ளை வெளிச்சத்தில் குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்திப் புண்ணாக்கும். பெட்டியின் மூலைகளை அட்டை வளைத்து வட்டமாக்கினாள். குளிர்ந்த குஞ்சுகள் மூலையில் ஏறி மிதித்துக் குவியும், அடியில் கிடப்பது மூச்சடைத்துச் சாகும். குடிக்கும் தண்ணீரை வெதுவெதுப்பாக்கினாள். காற்று வரும் பக்கம் சாக்குக் கட்டினாள். எச்சத்தின் நெடி உள்ளே தங்காதிருக்க மேல்பக்கத்தைத் திறந்தே விட்டாள். அவள் பெரும்பாலும் வெப்பமானியைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, குஞ்சுகளைப் பார்த்தாலே போதும். விளக்கடியில் நெருக்கிக் கத்தினால் குளிர். விளிம்புக்கு ஓடி வாய் பிளந்தால் சூடு. ஒரே பக்கமாக ஒதுங்கினால் எங்கோ காற்று நுழைகிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படுத்து மெல்ல முனகினால் எல்லாம் சரி. மின்சாரம் போன ஒரு மதியம், கம்பளியைச் சுற்றிக்கொண்டு பதினாறு குஞ்சுகளை ரவிக்கைக்குள்ளும் மற்றவற்றை மடியிலும் வைத்து மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அப்படியிருந்தும் ஆறு செத்தன.

ஊர் இதற்குள் பழகியிருந்தது. வேர்க்குரு வந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வேலிக்குள் வந்து உட்கார்ந்தார்கள். கால்நடை இலாகாவிலிருந்து வந்த ஒருவர் வெப்பமானியைத் தட்டிப் பார்த்து, அது பழுதில்லை என்று சான்றளித்துவிட்டு, மோட்டார் சைக்கிளில் மாட்டியிருந்த மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு போனார்.

பெரிய கோழிகள் பதினைந்து டிகிரி வரை பொறுத்தன. அதன்பின் ஒரு காலையில் செவலைச் சேவல் முன்னால் நடக்க, முப்பது பெட்டைகளும் அதன் பின்னால் வேலியைத் தாண்டி, அடுத்த வீட்டு ராக்கம்மாவின் முற்றத்துக்குப் போயின. கூட்டத்தை ஒழுங்காக வைத்திருந்தது செவலைதான். இரை கண்டால் தான் தின்னாமல் கொக்கரித்துக் கூப்பிடும். பெட்டைகள் சண்டையிட்டால் நடுவில் போய் நிற்கும். பொழுது சாய்ந்தால் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு குளிருக்குள் திரும்பி வரும். பகலில் இட்ட முட்டைகளை ராக்கம்மா பேசினில் எடுத்து வந்து கொடுத்தாள். ஒரு முட்டைகூடக் குறைந்ததில்லை.

ராக்கம்மாவும் பஞ்சாலையும் ஒரே ஆயாக்கொட்டகையில், ஒரே சேலைத் தூளியில் கிடந்து வளர்ந்தவர்கள். ஒரே ரப்பர் மர நிரையில் இருபது ஆண்டு பால் வெட்டியவர்கள். ஐந்தாம் வாரம் பன்னிரண்டு டிகிரியானபோது பஞ்சாலை குஞ்சுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலுக்குப் போனாள்.

"ரெண்டு வாரந்தான் ராக்கு. ஒன் அடுப்படியில ஒரு மூலையில இருக்கட்டும். பெரிய கோழிங்களோட வுட்டா கொத்திப்புடும்."

ராக்கம்மா கதவை உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றாள். "எடமில்லக்கா. சாமானெல்லாம் கட்டி வச்சிருக்கேன். வெள்ளையடிக்கப் போறோம் லா."

"சித்திரையில யாருடி வெள்ளையடிப்பா?" என்று பஞ்சாலை சிரித்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். தனக்கு முன்பாக அவள் வெள்ளையடித்துவிடுவாளே என்ற சின்னப் பொறாமைதான் அப்போது அவள் மனத்தில் இருந்தது.

ஆறாம் திங்கட்கிழமை ராக்கம்மாவே சேவல் கேட்டு வந்தாள். செவலை ஒன்றுதான் பாக்கி. அதைப் பிடித்துக் கையில் கொடுத்தபோது ராக்கம்மா அழுதாள். என்ன வேண்டுதலோ, பாவம் என்று பஞ்சாலை அவள் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். வேண்டுதல் பலிக்கட்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

மறுநாள் காலை ஒன்பது டிகிரி. அவள் மூச்சு புகையாக வெளியே வந்தது. அன்று பொழுது சாய்ந்தபோது கூட்டிவர யாருமில்லாத பெட்டைகள் ராக்கம்மாவின் எலுமிச்சை மரத்திலேயே அடைந்தன. தலைமை போன கூட்டம் மறுநாள் முழுக்க யார் பெரியவள் என்று சண்டையிட்டு ஒன்றின் முதுகை ஒன்று கொத்திக்கொண்டது.

வெள்ளிக்கிழமை கம்பெனியிலிருந்து ஜீவானந்தன் என்ற அதிகாரி வந்தார். மரியாதை தெரிந்த இளைஞர். குளிருக்குக் கையைத் தேய்த்துக்கொண்டே கோப்பைத் திறந்தார்.

"நீங்கள் ஒரு ஆள்தான் மிச்சம், அம்மா. மற்ற ஆறு வீடும் சைன் பண்ணியாச்சு."

"ஆறு வீடா? தப்பா வந்துட்டீங்க தம்பி. இது ஐந்தாங்கட்ட."

அவர் ஆறு கடிதங்களையும் வரிசையாக விரித்துக் காட்டினார். கம்பெனியின் சிரம்பான் அலுவலகம் செவ்வாய்க்கிழமைகளில் மட்டுமே கையெழுத்து வாங்கும். முதல் கடிதம் குணாளனுடையது. பஞ்சாலை உள்ளே போய் நாள்காட்டித் தாள்களை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். இருபத்து நான்கு, குணாளன். இருபத்தொன்று, பதினெட்டு, பதினைந்து, பன்னிரண்டு. ஒன்பது என்று எழுதிய தாளின் தேதியும் ராக்கம்மாவின் கையெழுத்துக்கு அடியில் இருந்த தேதியும் ஒன்றாக இருந்தன. சூடம் அணைத்த சத்தியத்தை உடைப்பவர் முதலில் முனியாண்டிக்கு ஒரு சேவல் கொடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது அவளுக்கும் தெரிந்ததே. ஆறு பேரும் அந்த மன்னிப்பை அவள் முற்றத்திலிருந்து எடுத்துப் போயிருந்தார்கள். கால் கழுவிக் கொடுத்தவள் அவள்.

"நாலாவது மாடியில் வீடு, அம்மா. லிஃப்ட் இருக்கு," என்றார் ஜீவானந்தன்.

"கோழி வளக்கலாமா?"

"பிராணிகள் கூடாது என்று விதி."

"அப்ப அந்த வீட்டுல நான் மட்டும் என்னா செய்றது?" என்று கேட்டு, கடிதங்களை அடுக்கி அவர் கையிலேயே கொடுத்தாள்.

ராக்கம்மாவின் வீட்டில் அன்று சுவரில் ஆணிகள்தான் இருந்தன. நடுக்கூடத்தில் கயிறு போட்டுக் கட்டிய பெட்டிகளின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள்.

"நீயுமா ராக்கு?"

"மவனுக்கு பாரோய்ல வேல கெடச்சிருச்சுக்கா. எல்லாரும் போட்டாச்சுன்னு குணா அண்ணன் சொன்னாரு. நான் மட்டும் நின்னு என்னா ஆவப் போவுது?"

"நான் நின்னேன்ல? ரெண்டு பேரா நின்னுருப்போம்ல? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

ராக்கம்மா கயிற்று முடிச்சைப் பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்: "சொல்லியிருந்தா நீ சேவல குடுத்திருப்பியா?"

பிற்பாடு பல ஆண்டுகள் குஞ்சுகளுக்குத் தீனி வைக்கும்போதெல்லாம் பஞ்சாலை இதற்கு வெவ்வேறு பதில்களைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்ததுண்டு, ஒன்றும் பொருந்தவில்லை.

சனிக்கிழமை ஆறு லாரிகள் வந்தன. சாயங்காலத்துக்குள் ஆறு வீடுகளும் காலியாயின. குணாளன் லாரியின் முன்னிருக்கையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். ராக்கம்மா கையசைத்தாள், பஞ்சாலை குஞ்சுப் பெட்டியின் மேல் குனிந்திருந்ததால் பார்த்தாளா என்று சொல்ல முடியாது. காலி முற்றத்தில் இரண்டு நாள் சுற்றித் திரிந்த பெட்டைகளுள் ஒரு கறுப்பி மூன்றாம் நாள் சேவலைப் போலக் கூவியது, சண்டை ஓய்ந்தது. அது முன்னால் நடக்க, மற்றவை அதன் பின்னால் ஒன்பது டிகிரிக்குள் திரும்பி வந்தன. பஞ்சாலை அவற்றை ஒன்றும் கேட்கவில்லை.

ஏழாம் வாரம் முடிந்தபோது முப்பத்தேழு குஞ்சுகளுக்கும் இறகு கட்டியிருந்தது. அவள் பல்புகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். குஞ்சுகள் நெருங்கவும் இல்லை, கத்தவும் இல்லை. தரையைக் கிளறிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போயின. கம்பளியைக் கழற்றி மடித்து வைத்தபோது, தனக்கும் குளிரவில்லை என்பதைப் பஞ்சாலை கவனித்தாள். தோள்பட்டைக்குக் கீழே ஒரு வாரமாக அரித்துக்கொண்டிருந்த இடத்தில் கையை வளைத்துத் தடவினாள். பழுப்பு நிறத்தில், விளிம்பு கறுத்து, விரல் நீளத்துக்கு ஒரு இறகு இருந்தது. பக்கத்தில் இன்னும் சில முளைத்துக்கொண்டிருந்தன.

இப்போது அந்த லயம் இருந்த இடத்தில் முற்றத்தோடு கூடிய நாற்பது தரைவீடுகளைக் கம்பெனி கட்டி விற்றிருக்கிறது. நடுவில் பஞ்சாலையின் வேலி நிற்கிறது. மண்வாரி இயந்திரத்தோடு மூன்று ஓட்டுநர்கள் மூன்று முறை வந்தார்கள். குளிர்ச்சட்டை தருவதாக ஒப்பந்தத்தில் இல்லை என்று மூவரும் திரும்பிப் போனார்கள். குளிருக்கான படிவம் எந்த அலுவலகத்திலும் இல்லாததால் அவள் கோப்பு முடிக்கப்படவில்லை. வெயில் கடுமையான மாதங்களில் புது வீட்டார் நாற்காலி கொண்டுவந்து அவள் வேலி ஓரம் போட்டுக்கொள்கிறார்கள். போகும்போது முட்டை வாங்கிப் போகிறார்கள். ரந்தாவில் தையல் கடை வைத்திருக்கும் புனிதா, பஞ்சாலையின் ரவிக்கைகளை முதுகுப் பக்கம் இரண்டு அங்குலம் தளர்த்தித் தைக்கிறாள். இறகு உதிர்கிற மாதத்தில் ஒன்றரை அங்குலம் போதும். அதை முன்கூட்டியே சொல்லியனுப்ப வேண்டும்.