நோயாளி சொன்னதாக

மதியம் தாண்டியும் புறநோயாளிகள் வரிசை குறையவில்லை. டாக்டரம்மாவுக்குக் கண் இரண்டும் சொக்கின. நல்லவேளை, மேசைமேல் ஒரு சின்ன மெஷின் வந்திருக்கிறது, கண்ணுகளா. அறையில் பேசுவதைக் கேட்டு அதுவே குறிப்பு எழுதிவிடும். எழுதி எழுதி மரத்துப்போன விரலுக்கு அது வரம்தானே?

அடுத்து வந்தது வயதான கணவன் மனைவி. ரத்தக்கொதிப்பு மனைவிக்கு, வாய் கணவருக்கு. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களாம்மா?"

"வேளை தவறாம, டாக்டர்! நான்தானே கையில எடுத்துக் குடுக்கிறேன்."

"தலைசுத்தல்?"

"சேச்சே, அதெல்லாம் இல்லை."

மனைவி பையின் வாரை விரலில் சுற்றியபடி, அது சரியில்லை என்பதுபோல் மெல்லத் தலையசைத்தார். முன்பெல்லாம் டாக்டரம்மா முகத்தைப் பார்த்துத்தான் கேட்பார். இன்று திரையில் ஓடும் எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையசைப்பு மெஷினுக்குக் கேட்குமா?

ரத்த அழுத்தமோ ஏறியிருந்தது. ஒழுங்காகப் போட்டும் குறையவில்லையென்றால் என்ன செய்வது? அளவை இரட்டிப்பாக்கினார். குறிப்பை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் முடிக்க வேண்டும் என்பது அங்கே விதி. கொட்டாவியை விழுங்கிக்கொண்டு வாசித்தார்.

"மாத்திரைகளைத் தவறாமல் எடுப்பதாக நோயாளி சொல்கிறார். தலைசுற்றல் இல்லை என்கிறார்."

"நான் எப்ப சொன்னேன்?" என்றார் மனைவி.

கணவர் திரும்பினார். "நான் சொன்னா என்ன, நீ சொன்னா என்ன?"

"விழுறது நான்தானே?"

டாக்டரம்மா திரையிலிருந்து கண்ணை எடுத்தார்.

"முழுசா போட்டா குளியலறைச் சுவரே சுத்துது, டாக்டர். ரெண்டு தடவை விழுந்துட்டேன். அதான், இவர் அந்தண்டை போனதும் பாதியைத் துப்பிடுறேன். சொன்னா, பாவம், தூங்காம என்னையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்பாரு."

நர்ஸ் கதவிடுக்கில் தலையை நீட்டினார். "டாக்டர், வெளிய சண்டைக்கு நிக்குறாங்க."

"நிக்கட்டும்."

டாக்டரம்மா குறிப்பை அழித்தார். நாற்காலியை இழுத்து, அந்தம்மாவுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தார்.

"முதல்லேர்ந்து வருவோம். எப்படிம்மா இருக்கீங்க?"

பழக்கதோஷம், கணவர் வாய் திறந்தது. மூடிக்கொண்டார்.

"களைப்பா இருக்கு," என்றார் மனைவி.

"எனக்கும்தாம்மா. மெதுவா சொல்லுங்க."

மெதுவாகத்தான் சொன்னார். படுக்க வைத்தும் நிற்க வைத்தும் அழுத்தம் பார்த்து, டாக்டரம்மா மாத்திரையையே மாற்றினார்.

வெளியே வந்ததும், கண்டக்டர் மனைவிக்கு மட்டும் கேட்கும் குரலில் கேட்டார்:

"எங்கே அடிபட்டுச்சு?"

மனைவி முழங்கையைக் காட்டினார்.