ஆறிப்போன காப்பியும் இரண்டு அரசாங்கங்களும்

அமெரிக்காவும் எங்கள் நாடும் முறைத்துக்கொண்டு நின்ற காலத்தில், ஒரு வாய்க் காப்பியை வைத்து இரண்டையும் கட்டித் தழுவ வைத்தவன் நான். ரியாதில் இதை நான் சொல்லாத விருந்துக்கூடம் கிடையாது. நம்பிய ஆளும் கிடையாது.

போன வெள்ளிக்கிழமை மறுபடி ஆரம்பித்தேன். சிறைத்துறையில் இருந்து ஓய்வு பெற்ற அபூ மிஷாரி பேரீச்சங்கொட்டையைத் துப்பினான்.

"ஆரம்பிச்சிட்டான்யா! அந்த அமெரிக்காக்காரன் போன தடவை பனைமரம் உசரம். இன்னைக்கு எவ்வளவு, அபூ நாயிஃப்?"

"வளர்ற வயசு," என்றேன்.

இரட்டைக் கோபுரங்கள் விழுந்ததற்குப் பிந்தைய காலம். நான் அரசாங்க மொழிபெயர்ப்பாளன். உங்கள் தர்ம அமைப்புகளின் பணம் குண்டு வைப்பவர்களிடம் போகிறது என்றார்கள் அவர்கள். இத்தனை கால சிநேகிதனைத் திருடன் என்கிறாயா என்றோம் நாங்கள்.

எனக்கோ வேறு தலைவலி. எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டில் ரொடேலியோ என்றொரு பிலிப்பைன்ஸ்காரன், லிஃப்ட் மெக்கானிக். திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு கூட்டாளிகளோடு ஏசுவைப் பாடியிருக்கிறான். எங்கள் நாட்டில் வேற்று மதத்து வழிபாடு குற்றம். யாரோ போட்டுக்கொடுக்க, மதக் காவலர்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். சவுக்கடி, அப்புறம் நாடு கடத்தல் என்று பேச்சு. அவன் மனைவி மாரிடெஸ் நிறைமாதக்காரி. எங்கள் கம்பளத்தில் மீன் வளர்க்கலாம், அப்படி அழுதாள்.

என் மனைவி வாசலை மறித்துக்கொண்டாள். "பெரிய மனுசங்களுக்கெல்லாம் வாயா இருக்கீங்க. இந்தப் புள்ளைக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாதா? அவன் இல்லாம வந்தீங்கன்னா இந்தக் கதவு திறக்காது."

அன்றைக்குத்தான் அமெரிக்க நிதி அதிகாரி ஹார்ட்விக் பேச்சுவார்த்தைக்கு வந்திருந்தார். எங்கள் தரப்பில் துணை அமைச்சர் அப்துல் முஹ்ஸின். சந்தேகத்தில் இருந்த தர்ம அமைப்பு ஒன்று அவருடைய மாமனாருடையது. ஜெபமணி அவர் விரலில் புகை கிளம்பும் வேகத்தில் ஓடியது. ஹார்ட்விக் காலாட்டிய ஆட்டத்தில் மேலே சரவிளக்கு குலுங்கியது.

காப்பி ஊற்றுபவன் வந்தான். ஹார்ட்விக் கோப்பையை வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தார்.

கூடம் உறைந்தது. விருந்தாளி குடிக்காமல் கோப்பையைக் கீழே வைத்தால் அவனுக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது என்று பொருள். வீட்டுக்காரன் நிறைவேற்றாவிட்டால் ஏழு தலைமுறைக்கும் தலைகுனிவு.

துணை அமைச்சருக்கு வியர்த்தது. "என்ன வேணுமாம்? கேளு."

கேட்டேன். "வயித்துப் புண்ணு. காப்பியைத் தொடாதேன்னுட்டார் டாக்டர்," என்றார் ஹார்ட்விக்.

துணை அமைச்சர் பக்கம் திரும்பினேன். திறக்காத கதவு கண் முன்னால் நின்றது.

"ரொடேலியோன்னு ஒரு லிஃப்ட் மெக்கானிக்காம். வீட்டுக்குள்ள சாமி கும்பிட்டதுக்குப் பிடிச்சு வச்சிருக்கோமாம். அவனை விடணுமாம்."

"அவ்வளவுதானா? மாமனாரைக் கேப்பான்னுல்ல நெனச்சேன்!" என்று கிசுகிசுத்தவர், கூடமே அதிர, "தந்தேன்! அவன் வெளிய வந்த சேதி காதுல விழட்டும், அப்புறம் விருந்தாளி குடிக்கட்டும்!" என்றபடி தொலைபேசியோடு பக்கத்து அறைக்குப் போனார்.

காத்திருந்தோம். காப்பி ஆறியது. ஊற்றுபவன் கோப்பையை மாற்றக் கை நீட்டினான். "தொடாதே!" என்று கூடம் மொத்தமும் எழுந்தது. ஹார்ட்விக்கின் பேனா டக் டக்கென்றது. "இங்க என்னதான் நடக்குது?"

"உங்களுக்கு மரியாதை பண்ண, ஒரு கிறிஸ்தவக் கைதியை அவங்களாவே விடறாங்க. சேதி வந்ததும் அதைக் குடிச்சிடுங்க. இல்லேன்னா திரும்ப உள்ளே தள்ளிடுவாங்க."

சேதி வந்தது. மனிதர் கண்ணை மூடிக் குடித்தார். போதும் என்றால் கோப்பையை ஆட்ட வேண்டும் என்று தெரியாது பாவம். ஊற்ற ஊற்றக் குடித்தார். ஒரு குடம் இருக்கும்.

"பேச வந்த பணப் பேச்சை விட்டுட்டு ஒரு ஏழைக்காகக் கேட்டான் பாரு! இவன்கிட்ட மறைக்கறது அசிங்கம்," என்று துணை அமைச்சர் தன் மாமனாரின் கணக்கையே சோதிக்கச் சம்மதித்தார். கேட்காமலே கைதியை விட்டவர்களை நம்பலாம் என்றார் ஹார்ட்விக். இரண்டு பேரும் செய்யாத காரியத்துக்காக ஒருவரை ஒருவர் இன்றுவரை மெச்சிக்கொள்கிறார்கள். ரொடேலியோ எனக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தான். கதவு திறந்தது.

"அமெரிக்காக்காரன் குடம் குடமா குடிச்சானாம்," என்று வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அபூ மிஷாரி மட்டும் சிரிக்கவில்லை. உட்கார்ந்த இடத்தில் நெளிந்தான்.

"என்னய்யா, புளுகுன்னு சொல்லலையா?" என்றேன்.

"குடம் புளுகு." தாடியைச் சொறிந்தான். "அன்னைக்கு ஃபோனை எடுத்தது நான்தான். 'விருந்தாளி காப்பி ஆறுது, அந்த லிஃப்ட்காரனை வெளிய விடு'ன்னு ஒரு குரல். எவனோ வெயில்ல மூளை உருகினவன்னு வச்சிட்டேன். மறுபடி அடிச்சுது, மறுபடி வச்சேன். மூணாவது தடவை, 'துணை அமைச்சர் பேசறேன்டா'ன்னு என் பாட்டன் பேரைச் சொல்லித் திட்டினார். ஓடிப்போய்த் திறந்து விட்டேன். நீ கதையை ஆரம்பிச்சாலே பாதியில எழுந்து போயிடுவேனா, இத்தனை வருசமா ஏன்னு புரியாமலே இருந்தேன்டா... நடந்துச்சு."