தோட்டா முடிவாகும்வரை பன்றி நிற்குமா?

1
இந்தக் கதை பிறந்ததற்கு என் வாய்தான் காரணம். கோழித்தீவனம் வாங்கப் போனவன் வாங்கிக்கொண்டு பேசாமல் திரும்பியிருக்கலாம். "காட்டுப்பன்றிக்கு எந்தத் துப்பாக்கி நல்லது?" என்று கேட்டுத் தொலைத்தேன். டெக்சஸில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவன் கேட்கிற கேள்வியா அது? கடையிலிருந்த அத்தனை பேரும் பதில் சொன்னார்கள். ஒருவர் பதில் அடுத்தவருக்கு ஆகவில்லை. வீடு திரும்பியபோது கையில் தீவனம் இல்லை, கதை இருந்தது.

2
தொடக்கம், முதல் முயற்சி: "அந்திச் சூரியன் புல்வெளியில் பொன்னை உருக்கி ஊற்றிய அவ்வேளையில், ராய்ஸின் நெஞ்சில் ஏதோ ஒரு—"

வேண்டாம். ராய்ஸ் வேர்க்கடலை போடுகிற ஆள்; இது காதில் விழுந்தால் வயிறு வலிக்கச் சிரிப்பான்.

இரண்டாவது: "சனிக்கிழமை ஷெல்பிக்குக் கல்யாணம். அதற்குள் பன்றிகள் ஒழியாவிட்டால் கல்யாணம் ஓக்லஹோமாவுக்குப் போய்விடும்."

இது தேவலை. ஷெல்பி ராய்ஸின் ஒரே மகள். வீட்டுக்குப் பின்னால், பெக்கான் மரத்தடிப் புல்வெளியில் கல்யாணம் என்று வாக்குக் கொடுத்திருந்தான். பன்றிகளோ அரை மைல் தள்ளி வேர்க்கடலை வயலை உழுதுகொண்டிருந்தன. புல்வெளிக்கும் வந்துவிட்டால்? ஆற்றுக்கு அக்கரையில், ஓக்லஹோமாவில், மாப்பிள்ளையின் அம்மா தன் தோட்டத்தைச் சுத்தம்செய்து தயாராக வைத்திருந்தாள். (டெக்சஸ்காரனுக்கு இது எப்பேர்ப்பட்ட மானப்பிரச்சினை என்று நான் விளக்கப்போவதில்லை.)

3
இங்கே டர்வுட் வருகிறான். ராய்ஸின் மனைவிக்குத் தம்பி. இவனைக் கதையில் சேர்க்கலாமா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் பிக்கப் வண்டியின் பின்கதவை இறக்கித் துப்பாக்கிக் கடை விரித்துவிட்டவனை எப்படி வெளியே அனுப்புவது?

"த்ரீ நாட் எய்ட் ரைஃபிள்தான் அத்தான். ஒரே வெடி, ஆள் காலி. கெடாப்பன்னிக்குத் தோள்ல தோலு கவசம் மாதிரி தடிச்சிருக்கும். உங்கப்பாவோட பழைய தர்ட்டி-தர்ட்டித் துப்பாக்கித் தோட்டா போய்க் கதவைத் தட்டி, 'வீட்ல யாருங்க'ன்னு கேட்டுட்டுத் திரும்பி வந்துரும்."

"எங்கப்பா அதால அடிச்ச பன்னியத்தாண்டா வருசா வருசம் கிறிஸ்மஸுக்கு சாசேஜா முழுங்கின! கனமான தோட்டா, முனை மெத்துனு இருக்கணும், காதுக்குப் பின்னாடி ஒண்ணு. கவசமாவது கத்திரிக்காயாவது. உன்னுது பன்னியத் துளைச்சு, வேலியத் துளைச்சு, பாதிரியார் வீட்டுப் பசுவையும் துளைக்கும்."

"உள்ள போனதும் விரியிற தோட்டாவாப் போட்டா அங்கயே நின்னுரும் அத்தான்."

"நிக்குமா? உன்கிட்ட முதல் பொண்டாட்டியே நிக்கல."

[இங்கே தோட்டாக்களைப் பற்றி மூன்று பத்தி இருந்தது. தீவனக் கடையில் ஒருவர் படித்துவிட்டு அத்தனையும் தப்பு என்றார். பக்கத்திலிருந்தவர், சொன்னவரே தப்பு என்றார். எடுத்துவிட்டேன்.]

4
ஒரே ஒரு விஷயத்தில் இருவரும் ஒத்துப்போனார்கள்: இரை. பீப்பாயில் சோளத்தைக் கொட்டி, மேலே பீரை ஊற்றி, ஸ்ட்ராபெரி ஜெல்லிப் பொடியைத் தூவி வெயிலில் புளிக்கவிட்டார்கள். அந்த நாற்றத்துக்குப் பன்றி எங்கிருந்தாலும் வரும். சரி, எங்கே கொட்டுவது? பின்வராந்தாவில் சாய்வு நாற்காலி இருக்கிறது, பீர்ப்பெட்டி இருக்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்தே சுடுகிற மாதிரி, கண்ணுக்கு நேரே கொட்டினார்கள்.

அதாவது, கல்யாணப் புல்வெளியில்.*

* நம்பமுடியவில்லையா? எங்கள் ஊரில் யாரிடமாவது சொல்லிப்பாருங்கள். "தூரம் சரியாத்தானே இருந்துச்சு?" என்றுதான் கேட்பார்கள்.

5
வெள்ளிக்கிழமை சாயங்காலம் பன்றிகள் குடும்பத்தோடு வந்தன. குட்டிகள், தாய்மார்கள், கடைசியில் பீப்பாய் உடம்போடு ஒரு கெடா. அழைக்காமல் வந்தவை என்று சொல்லமுடியாது. மண்ணைக் கிளறத் தொடங்கின.

"அத்தான், த்ரீ நாட் எய்ட்ட எடுங்க!"

"அப்பாவோடத எடுடா!"

தலையில் முடி சுருட்டும் குழாய்களோடு ஷெல்பி ஓடிவந்தாள். "அப்பா! என்ன பண்றீங்க?"

"எதால சுடறதுன்னு முடிவு பண்ணிட்டிருக்கோம்மா."

"பாதிப் புல்லு போச்சுப்பா! மாமா, நீங்களாவது சொல்லக்கூடாதா?"

"நான் சொல்றத எங்க கேக்கறார்?"

ராய்ஸ் மரத்தைப் பார்த்தான். பெக்கான் மரத்தடியில்தான் அவள் முதன்முதலில் தத்தித் தத்தி நடந்தாள். அங்கேயே கைபிடித்து அழைத்துப்போய் மாப்பிள்ளையிடம் கொடுக்க வேண்டும் என்று மனிதனுக்கு அவ்வளவு ஆசை. இதை எழுதும்போது எனக்கும் என்னவோபோல் இருந்தது.

6
ஆகவே நல்ல முடிவாகக் கொடுக்க நினைத்தேன்.

அ) தர்ட்டி-தர்ட்டி. கெடா விழுகிறது. டர்வுட் கோபித்துக்கொண்டு கல்யாணத்துக்கு வரவில்லை. ஷெல்பி அழுகிறாள்.

ஆ) த்ரீ நாட் எய்ட். கெடா விழுகிறது. "நான் அப்பவே சொன்னேன்" என்பதை ராய்ஸ் சாகும்வரை கேட்கவேண்டும். அதற்கு ஓக்லஹோமாவே மேல்.

இ) இருவரும் ஒன்றாகச் சுடுகிறார்கள், யார் தோட்டாவில் விழுந்தது என்று

இல்லை, அது பேரப்பிள்ளைகள் காலத்திலும் தீராது.

ஈ)

அப்போது ஷெல்பி என் பக்கம் திரும்பினாள். "அங்கிள், அவங்கதான் அப்படி. நீங்க என்ன பண்றீங்க?"

"எந்த முடிவுன்னு யோசிச்சிட்டிருக்கேம்மா."

"நீங்க யோசிக்க ஆரம்பிச்சப்ப மரத்தைச் சுத்திப் புல்லாவது இருந்துச்சு."

எட்டிப் பார்த்தேன். இப்போது இல்லை.

அவள் கையில் போன். ஓக்லஹோமாவில், வருங்கால மாமியார் வீட்டில் மணி அடிக்கிறது, இன்னும் எடுக்கவில்லை. துப்பாக்கிகள் இரண்டும் வராந்தாத் தூணில் சாய்ந்திருக்கின்றன. கெடா பக்கவாட்டில் திரும்பி, வாகாக நிற்கிறது. இங்கே இன்னும் வாதாடாமல் இருப்பது, இதைப் படிக்கிற நீங்கள் ஒருவர்தான். ஏதாவது ஒன்றை எடுங்கள். எது நல்லது என்று மட்டும் யாரையும் கேட்டுவிடாதீர்கள்.