பத்திரமாகச் சேமிக்கப்பட்ட தப்பு

அனுமதி விதியை முதலில் எழுத வேண்டும், தடை விதியைக் கடைசியில் எழுத வேண்டும். ரூட்டர் வேலைக்கு வருகிற எவனுக்கும் முதல் வாரத்திலேயே சொல்லித்தருகிற பாடம் இது. கிடுடுவே இதை இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். அப்படிப்பட்டவன் அன்றைக்கு மதியம் இன்டர்நெட் கம்பெனியின் ம்பாலே நகர அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, புதாதிரி கிராமத்துக்கு மேலே மலையுச்சிக் கோபுரத்தில் இருக்கும் ரூட்டருக்கு, "யாரையும் உள்ளே விடாதே" என்பதை முதலில் எழுதி என்டரைத் தட்டினான். "இவர்களை மட்டும் விடு" என்று அடுத்த வரியை எழுத அது அவனுக்கு இடம் கொடுக்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற ரூட்டர். யாரையும் என்றால் கிடுடுவையும் சேர்த்துத்தான்.

திரை அப்படியே உறைந்தது. காப்பி கழுவும் நிலையம், பெண்கள் பள்ளி, சுகாதார நிலையம், பாதிரியார் வீடு என்று மலைச்சரிவில் அந்தக் கோபுரத்தை நம்பியிருந்த அத்தனை பேருக்கும் இன்டர்நெட் நின்றது.

கிடுடு பதறவில்லை. அவனுடைய அறிவாளித்தனத்தில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. எட்டாத தூரத்தில் இருக்கும் ரூட்டரில் கை வைப்பதற்கு முன்னால் இந்தத் தொழிலில் ஒரு சடங்கு உண்டு. "இன்னும் பத்து நிமிஷத்தில் நீயாக அணைந்து எழு" என்று அதனிடம் சொல்லிவைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். வேலை ஒழுங்காக முடிந்தால் அந்தக் கட்டளையை ரத்து செய்துவிட்டு, புதிய விதிகளைச் சேமிக்கலாம். தப்பாகிப் போனால் சும்மா இருந்தால் போதும். சேமிக்காத எதுவும் ரூட்டருக்கு விழித்தெழுந்ததும் ஞாபகம் இருக்காது. தூங்கி எழுந்த குழந்தை மாதிரி, பழைய புத்தியோடு சிரித்துக்கொண்டு வந்துவிடும்.

சடங்கை அவன் செய்திருந்தான். ஆகவே முட்டை வைத்துச் சுருட்டிய சப்பாத்தியைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்தான்.

எதிர் மேசையில் மகோம்பே. வாடிக்கையாளர்களின் போனை எடுக்கிறவன். அவனுக்கு முன்னால் இருந்த மூன்று போனும் ஒன்றன்பின் ஒன்றாக அலறின. "இன்ஜினியர் ஐயா, மலை இருட்டாயிடுச்சாம். உங்க கைங்கரியமா?" என்றான். பத்து நிமிஷத்தில் வந்துவிடும் என்று கிடுடு வாய் நிறைய சப்பாத்தியோடு சைகை காட்டினான்.

பத்தாவது நிமிஷம் வந்தது. ரூட்டர் அணைந்து எழுந்தது. எழுந்த பிறகும் யாரையும் உள்ளே விடவில்லை.

கிடுடுவின் வாயில் இருந்த சப்பாத்தி அப்படியே நின்றது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு மணி தாண்டி சில நிமிஷம். இரண்டு மணி என்றதும்தான் அவனுக்கு விஷயம் உறைத்தது.

அந்த அலுவலகத்தில் கிடுடு பேர் வாங்கியதே இரண்டு மணியால்தான். அவன் வருவதற்கு முன்பு, யாரைத் தடு, யாரை விடு, யாருக்கு எந்த வழி என்று ஒவ்வொரு ரூட்டருக்கும் சொல்லிவைத்த விதிகளையெல்லாம் வாரம் ஒருமுறை கையால் நகலெடுத்து சர்வரில் போட வேண்டும். மலை, பள்ளத்தாக்கு, சந்தை என்று எங்கெங்கோ இருக்கும் பெட்டிகள். மகோம்பேயின் முறை வருகிற வாரங்களில் எல்லாப் பெட்டிகளுக்கும் போன வாரத்து நகலே இந்த வாரத்து நகலாகவும் இருக்கும். மாற்றங்களைச் செய்துவிட்டுச் சேமிக்க மறந்துபோவதிலும் அவன் கெட்டிக்காரன். கரண்ட் போனால் அவன் செய்த வேலையும் சேர்ந்து போய்விடும். கிடுடு வந்து ஒவ்வொரு ரூட்டருக்குள்ளும் ஒரு சின்ன வேலையை எழுதிவைத்தான். தினமும் மதியம் இரண்டு மணி ஆனதும் ரூட்டர் தன்னிடம் இருப்பதைத் தானே சேமித்துக்கொள்ளும். பிறகு ஒரு நகலை சர்வருக்கு அனுப்பும். மனிதக் கை படாது. மகோம்பேயின் கை படாது என்பதுதான் அதில் விசேஷம்.

இன்றைக்கும் மணி இரண்டானது. பத்து நிமிஷம் முடிவதற்குள், உலகத்தோடு தொடர்பு அறுந்து மலையுச்சியில் தனியாக நின்ற அந்த ரூட்டர், கிடுடு கற்றுக்கொடுத்தபடி, கிடுடு செய்த தப்பைக் கவனமாகச் சேமித்துக்கொண்டது. பிறகுதான் அணைந்து எழுந்தது.

தன் காலைத் தானே வாரிக்கொண்டவர்கள் ஊரில் நிறையப் பேர். அதற்கென்று நேரம் குறித்து, தினசரி ஏற்பாடும் செய்துவைத்தவன் தான் ஒருவன்தான் என்று கிடுடுவுக்குத் தோன்றியது.

மகோம்பே அவன் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "இடி விழுந்துடுச்சுன்னு சொல்லிடவா? மழைக்காலம்தானே" என்றான். அந்த மலையில் எது கெட்டாலும் இடியின் தலையில் போடுவது கம்பெனியின் வழக்கம். இடி இதுவரை மறுத்துப் பேசியதில்லை.

நல்ல யோசனைதான். கிடுடுவின் சோதனைக் காலம் அந்த வாரத்தோடு முடிகிறது. நிரந்தரமா, வீட்டுக்கா என்பது முதலாளியம்மா நபுக்வசியின் கையில். அவனுடைய அப்பாவோ பையன் நிரந்தரமாகிவிட்டான் என்று போன மாதமே சர்ச்சில் எழுந்து நின்று அறிவித்து, கைதட்டலும் வாங்கிவிட்டார். இப்போது வேலை போனால் கிடுடு ஒருவனுக்குப் பதில் சொன்னால் போதாது, ஒரு சபைக்கே சொல்ல வேண்டும்.

அந்த நேரம் பார்த்து நபுக்வசி மேடம் கதவைத் திறந்துகொண்டு வந்து, "மலைக்கு என்ன ஆச்சு?" என்றார்.

இடி என்று சொல்லத்தான் கிடுடு வாயைத் திறந்தான். சப்பாத்தியை விழுங்குகிற அவசரத்தில் பொய்யைக் கோக்க நேரம் கிடைக்கவில்லை. "நான்தான் மேடம்" என்று வந்துவிட்டது. வந்த பிறகு நிறுத்தவும் முடியவில்லை. தடை விதி, இரண்டு மணி, சேமிப்பு எல்லாவற்றையும் கொட்டினான். மகோம்பே தலையில் கை வைத்துக்கொண்டான்.

மேடம் முழுவதையும் கேட்டார். பிறகு, "என் பிக்கப்ல பின் டயர் ரெண்டும் வழுவழுன்னு போயிருக்கு" என்றார். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

மேடத்தின் பேச்சு அப்படித்தான். அவர் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லி யாரும் கேட்டதில்லை. எப்போது சரியாகும் என்று கேட்கும் வாடிக்கையாளர்களுக்கு இருபது வருஷம் பதில் சொல்லிப் பழகிய நாக்கு. ஒரு நேரத்தைச் சொல்லி மாட்டிக்கொண்டதே இல்லை. சம்பளம் வந்துவிட்டதா என்று கேட்டால் வங்கியில் கூட்டம் எப்படி என்று கேட்பார். நிரந்தரத்தைப் பற்றி கிடுடு இதற்கு முன் கேட்டபோதெல்லாம் மழை, மாம்பழம், ஆளுநர் மாளிகைக்குப் போகும் சாலை என்று பலவற்றைப் பற்றியும் தகவல் தெரிந்துகொண்டிருக்கிறான்.

கிடுடு சர்வரிலிருந்து அந்த ரூட்டரின் நகலை அவசரமாக லேப்டாப்பில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கேபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் பின்னால் ஓடினான்.

ஊர் எல்லை தாண்டி வண்டி சிவப்புச் சேற்றில் ஏறத் தொடங்கியபோது, நெஞ்சில் ஆணி அடித்தது போல ஒன்று நினைவுக்கு வந்தது. நகலுக்கு அவன் தேதி வைக்கவில்லை. தினமும் ஒரே பெயர். புதியது வந்தால் பழையதன் மேல் உட்கார்ந்துவிடும். இன்றைக்கு இரண்டு மணிக்கு ரூட்டர் தப்பைச் சேமித்தது மட்டுமல்ல, அடுத்ததாக நகலையும் அனுப்பியிருக்குமே. அப்படியென்றால் மடியில் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு போவது அதே தப்பின் நகல். மலையேறிப் போய் தப்பை எடுத்துவிட்டு அதே தப்பைத் திரும்ப வைத்துவிட்டு வரலாம்.

லேப்டாப்பைத் திறந்து பார்க்கலாம் என்றால் அதன் பேட்டரி கொஞ்ச நேரத்துக்கு மேல் தாங்காது. அந்தக் கொஞ்ச நேரம் உச்சியில் வேண்டும். மகோம்பேயைக் கூப்பிட்டான். எல்லா எண்ணும் பிஸி. மலை மொத்தமும் போன் போட்டுத் தன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது.

"மேடம், எங்கிட்ட இருக்கிறது நேத்து நகலா, இன்னிக்கு நகலான்னு தெரியல" என்றான்.

"இந்த மேட்டுல ரெண்டாவது கியர்ல ஏறுமா, முதல் கியர் போடணுமா?" என்றார் மேடம்.

முதல் கியர்தான் போட வேண்டியிருந்தது.

அப்புறம் கொஞ்ச தூரம் போய், "மேடம், இது சரியாகலைன்னா என்னை அனுப்பிடுவீங்களா?" என்று கேட்டான்.

மேடம் ஜன்னலுக்கு வெளியே எட்டிப்பார்த்தார். "காப்பி இந்த வருஷம் நல்லாப் பழுத்திருக்கு."

கோபுரத்தடியில் காவல்காரர் முசே வெப்புகுலு வேலிக்குள் ஆட்டை மேய்த்துக்கொண்டிருந்தார். ரூட்டரைப் பூட்டிவைத்திருக்கும் பெட்டியின் சாவி அவர் இடுப்பில். சாவியைக் கேட்பதற்கு முன் முலெம்பே என்று அந்த ஊர் வணக்கம் சொல்ல வேண்டும். வீடு எப்படி, பிள்ளைகள் எப்படி, மழை எப்படி, மாடு எப்படி என்று அவர் கேட்பார். எல்லாம் சுகம் என்று சொல்லிவிட்டு அதே வரிசையில் திருப்பிக் கேட்க வேண்டும். அவசரப்பட்டால் முதலிலிருந்து ஆரம்பிப்பார். கிடுடு மாடு இல்லாத தன் வீட்டு மாட்டுக்கும் சுகம் சொல்லி முடித்தான். "உங்க இன்டர்நெட்டு நல்லாருக்கா?" என்று கடைசியாகக் கேட்டுவிட்டு முசே சாவியைக் கழற்றினார்.

தூறல் ஆரம்பித்தது. மேடம் குடையை விரித்து லேப்டாப்புக்குப் பிடித்தார். கிடுடுவின் முதுகு நனைந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. கேபிளைச் சொருகினான், நகலைத் திறந்தான். அரைக்கண்ணால் பார்த்துக் கீழே இறக்கி, விதிகள் இருக்கும் இடத்தில் நிறுத்திக் கண்ணை முழுசாகத் திறந்தான்.

முதலில் அனுமதி. கடைசியில் தடை. மேலே நேற்றைய தேதி.

கிடுடு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். "நேத்துள்ளது மேடம். இன்னிக்குள்ளது வரவே இல்ல. எப்படி வராமப் போச்சு?"

"எப்படி வரும்? வழியைத்தான் நீ அடைச்சிட்டியேப்பா" என்றார் மேடம். "யாரையும் விடாதேன்னு சொன்னா சர்வரோட பதிலும் உள்ளே வராது, நகலும் வெளியே போகாது. ஆபீஸ்லயே யோசிச்சேன்."

வழியெல்லாம் அவன் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தபோது அவருக்கு இது தெரிந்திருந்தது. கிடுடுவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் கோபத்துக்கு இடமில்லாமல் உடம்பு முழுக்க நிம்மதி நிறைந்திருந்தது. தன் தப்பு கதவைச் சாத்தியது, அந்தச் சாத்திய கதவே நேற்றைய நகலைக் காப்பாற்றியது. முட்டாள்தனத்தை முழுசாகச் செய்தால் இப்படியும் ஒரு பலன் உண்டுபோல. அரைகுறையாகச் செய்திருந்தால் தொலைந்திருப்பான்.

பழைய விதிகளை வரிவரியாக உள்ளே அனுப்பினான். கடைசி வரியையும் அனுப்பிச் சேமித்ததும் ரூட்டரின் பச்சை விளக்குகள் வரிசையாகச் சிமிட்ட ஆரம்பித்தன. சிறிது நேரத்தில் மகோம்பே கூப்பிட்டான். பாதிரியார் தன் ஜெபத்தால்தான் சரியானது என்கிறாராம், அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டானாம்.

கிளம்புவதற்கு முன் கிடுடு பேட்டரியில் மிச்சமிருந்ததை வைத்து இரண்டு மணி வேலையைத் திறந்தான். சேமிக்கச் சொல்லும் வரியை அழித்தான். இனிமேல் அது நகலை மட்டும்தான் அனுப்பும், நகலின் பெயரில் தேதியும் இருக்கும். சேமிப்பது மனிதன் பொறுப்பு. யாராவது சேமிக்க மறந்திருந்தால், காலையில் அவர்கள் பெயரைப் போட்டு ஒரு செய்தி வரும். மகோம்பேக்குத் தினமும் வரும். மற்ற ரூட்டர்களிலும் இதையே மாற்ற வேண்டும் என்று சொன்னபோது மேடம் குடையை மடக்கிக்கொண்டு, "அந்த ஆடு கேபிளைக் கடிக்குமோ?" என்றார்.

இறங்கும் வழியில், மழை விட்ட இடத்தில், சுட்ட நேந்திரம்பழம் விற்கிற பெண்ணைப் பார்த்து மேடம் வண்டியை நிறுத்தினார். இருவரும் பிக்கப்பின் பின்கதவில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கீழே ம்பாலே தெரிந்தது. கிடுடுவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, பேன்ட்டில் சேறு, மனசு மட்டும் பஞ்சு மாதிரி இருந்தது. இந்த நிம்மதியிலேயே கேட்டுவிட வேண்டும், நாளைக்கு இந்தத் தைரியம் இருக்காது என்று நினைத்தான்.

"மேடம். நான் வேலைல இருக்கேனா, இல்லையா?"

மேடம் பழத்தின் கருகிய முனையைக் கிள்ளி எறிந்தார். சாலையில் போன லாரியைப் பார்த்தார். லாரியைப் பற்றித்தான் ஏதோ சொல்லப்போகிறார் என்று கிடுடு அதற்கும் தயாரானான். அப்பாவுக்கு என்ன சொல்வது, சபைக்கு யார் சொல்வது என்று வரிசையாகத் தோன்றியது.

"இந்த மலைல இருபது வருஷமா எல்லாத்துக்கும் இடிதான் காரணம்" என்றார் மேடம். "நானும் கேட்டுட்டுதான் இருக்கேன். இன்னிக்குத்தான் ஒருத்தன் சப்பாத்தியை வாய்ல வச்சுக்கிட்டு நான்தான்னு சொன்னான்."

"அது தெரியாம வந்துடுச்சு மேடம்" என்றான் கிடுடு. அவனால் அந்த நேரத்திலும் உண்மையை அடக்க முடியவில்லை.

மேடத்துக்குச் சிரிப்பு வந்தது. விரலைத் துடைத்துக்கொண்டு, முதல் தடவையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தார்.

"இருக்கே. நிரந்தரம். அப்பாவுக்குச் சொல்லிடு."