அன்றைக்கு அவர் எங்கே இருந்தார்

"இறக்குங்க அதை. இப்பவே இறக்குங்க!"

தலைவிரி கோலமாகத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் நின்று பூரணி கத்தினாள். இரங்கல் பெனரின் ஒரு முனையைக் கட்டிவிட்டு மறு முனையைக் கையில் பிடித்திருந்த தொழிற்சங்கத்து அழகுமுத்துத் தலைவர் ஏணியிலேயே திகைத்துப்போனார். உள்ளே பெட்டியில் அவளுடைய அண்ணன் யோகேஸ்வரன் கிடந்தார். நேற்று விடியற்காலை ஹட்டனில், தனியாக இருந்த வாடகை வீட்டில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர். பெண்சாதி போய்ச்சேர்ந்து பத்து வருஷம். பிள்ளை குட்டி கிடையாது. அதனால் பிறந்த தோட்டத்துக்கே, தங்கச்சி வீட்டுக்கே கொண்டுவந்திருந்தார்கள்.

"என்னம்மா கொறை? படம் நல்லாத்தானே விழுந்திருக்கு?"

"படத்துக்குக் கீழ என்ன போட்டிருக்கு? ஓய்வுபெற்ற ஆசிரியராம்! எங்கண்ணன் எப்ப வாத்தியாரானாரு?"

தலைவர் இறங்கி வந்து குரலைத் தாழ்த்தினார். "டியூசன் குடுத்தாருல்ல. கணக்காய்வாளர்னு போட்டா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. லைசன்ஸப் புடுங்கின ஆளுன்னு ஊருக்கே தெரியும். செத்த மனுசனுக்கு ஏம்மா இந்த வேளையில அந்தக் கேவலம்?"

உண்மையில் என்ன நடந்தது என்று அவளுக்கே தெரியாது. அதுதான் கொடுமை. இந்தத் தோட்டத்திலிருந்து படித்து மேலே போன முதல் கணக்காய்வாளர் அவர். அந்தப் பட்டத்தை மூன்று வருஷத்துக்குப் பறித்து வைத்தார்கள் என்று செய்தி வந்தபோது காரணத்தைத் தோட்டமே பார்த்து எழுதிக்கொண்டது. லொறியில் தேயிலை போனதாம், இவருக்குப் பங்கு வந்ததாம். பங்கு வாங்கின ஆள் ஏன் கிழிந்த குடையோடு பஸ்ஸுக்கு நிற்கிறார் என்று ஒரு பயலும் கேட்கவில்லை.

பூரணி இரண்டு தடவை அவரிடமே கேட்டாள். "தப்பு செஞ்சேன் தங்கச்சி, தண்டன குடுத்தாங்க. அவ்வளவுதான்" என்றார். என்ன தப்பு என்றதற்கு, தேத்தண்ணியை ஊதிக் குடித்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு பள்ளிக்கூட விண்ணப்பப் பாரத்தில் சாட்சிக்குக் கூட அவர் கையெழுத்துப் போட்டதில்லை. "என் கையெழுத்துக்கு லீவு" என்பார். மூன்று வருஷம் கழிந்த பிறகும் பட்டத்தைத் திருப்பிக் கேட்கப் போகவில்லை. அப்படி என்னதான் செய்தார் இந்த மனுஷன்? மூன்று மணிக்குப் பெட்டியை மூடிவிடுவார்கள். அதற்குள் தெரிந்தாகவேண்டும் என்று அவளுக்கு மண்டை குடைந்தது. திருடன் என்றால் திருடன் என்றே தெரியட்டும், தெரியாமல் எப்படி அனுப்புவது?

ஒரு மணிக்கு ஜோர்ஜ் வந்தார். ஹட்டனில் அண்ணனோடு ஒரே ஒப்பீசில் இருபது வருஷம் இருந்த கணக்காய்வாளர். மலர்வளையத்தை வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டு நிமிர்ந்தவரை, பூரணி கையைப் பிடிக்காத குறையாக லயத்துக்குப் பின்னால், தண்ணீர்ப் பீலிப் பக்கம் கூட்டிப்போனாள்.

"ஜோர்ஜ் அண்ணே, ஒளிக்காம சொல்லுங்க. எங்கண்ணன் களவெடுத்தாரா?"

"சே! யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்க."

ஜோர்ஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கணக்கு வருஷக் கடைசியில ஸ்டோர்ல எத்தன தேயிலைச் சாக்கு இருக்குன்னு கணக்காய்வாளர் நேர்ல நின்னு பாக்கணும். யோகேஸ் போகல. ஃபெக்டரிக்காரங்க குடுத்த கணக்கை வாங்கி, நேர்ல பாத்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாரு. பொறவு பாத்தா சாக்கு கொறையுது. எடுத்தவன் அங்க இருந்த கிளாக்கர், அவனே ஒத்துக்கிட்டான். யோகேசுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னு மொதல்லயே எழுதிட்டாங்க."

"அப்ப எதுக்குத் தண்டன?"

"போகாத எடத்துக்குப் போனேன்னு எழுதுனதுக்கு. எங்க தொழில்ல அது சின்னத் தப்பு இல்ல தங்கச்சி. அந்தக் கையெழுத்த நம்பித்தான் மத்தவங்க காரியம் பாக்குறாங்க. மறுநாளே 'போகல'ன்னு சொல்லியிருந்தா, சாக்கு எண்ண இன்னொரு நாள் வாங்கியிருக்கலாம். பயந்தாரோ, சோம்பல்பட்டாரோ."

பிறகு, தன் மனசில் கிடந்த அரிப்பும் சேர்ந்துகொள்ள, வேகமாகச் சொன்னார்.

"கொழும்புல ஒழுக்காற்றுக் குழு கூப்பிட்டப்ப நான்தான் கூடப் போனேன். நடுவுல ஒரு அம்மா இருந்தாங்க, நல்ல மனுசி. 'ஒடம்புக்கு முடியலையா, வீட்டுல ஏதும் பிரச்சினையா, காரணத்தச் சொல்லுங்க, கொறைக்கப் பாக்குறோம்'னு எடுத்துக் குடுத்தாங்க. அன்னைக்கு எங்க இருந்தீங்கன்னு மூணு தரம் கேட்டாங்க. இவரு மேசையப் பாத்துக்கிட்டு, 'ஸ்டோர்ல இல்ல'ன்னாரு. மூணு தரமும் அதே பதில்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. வர்ற வழியில புடிச்சிக் கேட்டேன். 'சொன்னா பதிஞ்சிருவாங்க ஜோர்ஜ், அது என்னோட கத இல்ல'ன்னாரு. யாரோட கத? சாக்கு பாக்கப் போக வேண்டிய அன்னைக்குக் காலையில நானே ஸ்டேஷன்ல டிக்கட் எடுத்துக் குடுத்தேன், ஃபெக்டரி இருக்குற தலவாக்கலைக்கு. ஆளு போய்ச் சேரல. இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல."

பூரணி அவரை நெருங்கி வந்தாள். "என்னைக்கு அது?"

"மார்ச் முப்பத்தொண்ணு. ஞாயித்துக்கிழம. ஏழு வருஷமாச்சு."

அவள் பீலிக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கொழும்பு ரயிலில் இருந்தாள். மடியில் உடுப்புப் பை, பைக்குள் குவைத்துக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனின் விலாசம். புருஷனுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சொல்லவில்லை. சிவசாமி குடிகாரனும் இல்லை, அடிக்கிறவனும் இல்லை. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டு, பகல் முழுக்கக் கொழுந்து, இராத்திரி அடுப்பு என்று ஓடி ஓடி ஒரு நாள் திடீரென்று அலுத்துப்போயிற்று. அதற்கு மேல் அவளுக்குச் சொல்லத் தெரியாது. ஹட்டனில் ரயில் நின்றபோது எதிர் மேடையில் அண்ணன் நின்றார். ஜன்னலில் அவளைப் பார்த்தார், பையைப் பார்த்தார், தண்டவாளத்தைத் தாண்டி ஓடிவந்து அவளுடைய ரயிலில் ஏறினார். எங்கேயோ சும்மா போகிறவர் என்றுதான் அவள் அன்றைக்கு நினைத்தாள்.

வட்டவளையில் இறங்கினார்கள். பொழுது சாயும் வரை ஸ்டேஷன் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். திட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. பருப்பு வடை வாங்கிக் கொடுத்தார். கடைசியில், "வீட்டுக்கா, கொழும்புக்கா? எதுக்குச் சொன்னாலும் டிக்கட் எடுக்குறேன்" என்றார். அவள் வீட்டுக்கு என்றாள். கொண்டுவந்து விட்டு, "எங்க வீட்டுலதான் இருந்தா மச்சான்" என்று சிவசாமியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஐயோ, என் அண்ணே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? ஆனால் அந்த வார்த்தை பூரணி என்ற பெயரோடு கொழும்பில் ஒரு கோப்பில் ஏறியிருக்கும். ஹட்டனில் படிக்காத பேப்பரா, பேசாத வாயா? பொய்க் கையெழுத்து அவர் செய்த தப்புத்தான். அதை அவரே ஒத்துக்கொண்டார். வாயை மூடிக்கொண்டது மட்டும் அவளுக்காக.

"என்னம்மா? ஒனக்குத் தெரியுமா?" என்றார் ஜோர்ஜ்.

அவள் எழுந்து முன்வாசலுக்குப் போனாள்.

இரங்கல் கூட்டம் தொடங்கியிருந்தது. அழகுமுத்துத் தலைவர் மைக்கைப் பிடித்து, "நல்லாசிரியர், பிள்ளைகளுக்கு அறிவுக்கண் திறந்தவர்" என்று முழங்கிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் யாரோ வாய்க்குள் சிரித்தது அவள் காதில் விழுந்தது. முன்வரிசையில் சிவசாமி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். சொன்னால் அவன் முகத்தில் இனி எப்படி முழிப்பது? பெரிய மகள் வழிச் சம்பந்தி வீட்டார் வேறு வந்திருக்கிறார்கள். ஓடிப்போக இருந்தவள் என்று நாளைக்கே கொழுந்து மலையெல்லாம் பேசும். பேசினால் பேசட்டும் என்று போய் மைக்குக்குக் கையை நீட்டினாள்.

"பொம்பளைங்க பேசுறது வழக்கமில்லையே..." என்று தலைவர் இழுத்தார்.

"குடுங்கண்ணே."

கொடுத்தார். முதலில் அவளுடைய மூச்சுத்தான் ஒலிபெருக்கியில் கேட்டது.

"எங்கண்ணன் வாத்தியாரு இல்ல. கணக்காய்வாளரு. தப்பா ஒரு கையெழுத்துப் போட்டாரு, அதுக்குத் தண்டன வாங்குனாரு. ஆனா களவெடுக்கல. அன்னைக்கு அவரு எங்க இருந்தாருன்னு கேட்டாங்களாம், சொல்லலையாம். நான் சொல்றேன். வட்டவளை ஸ்டேஷன்ல, எங்கூட இருந்தாரு. நான் புருஷன், புள்ளைங்கள விட்டுட்டு, யாருக்கும் சொல்லாம வெளிநாட்டுக்குப் போகக் கெளம்பியிருந்தேன்..."

தப்பு மேளக்காரர்கள் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்கள். சிவசாமி எழுந்தான். யாரையும் பார்க்காமல், கூட்டத்தை விலக்கிக்கொண்டு லயத்துக்குள் போய்விட்டான். அவனுடைய காலி நாற்காலியைப் பார்த்தபடியே அவள் மேலே சொன்னாள். வடை வாங்கிக் கொடுத்ததைச் சொன்னாள். வீட்டுக்கா கொழும்புக்கா என்று கேட்டதைச் சொன்னாள். மலைப்பக்கம் இருண்டு வந்து மழை சடசடவென்று இறங்கியது. பந்தலுக்கு வெளியே நின்றவர்கள் கூட நகரவில்லை. ஜோர்ஜ் நனைந்துகொண்டு வாயில் கையை வைத்தபடி நின்றார்.

சிவசாமி திரும்பி வந்தான். கையில் குடை இருந்தது. பந்தல் ஒழுகின இடத்தில், அவள் பக்கத்தில் வந்து நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல் குடையை விரித்து மைக்குக்கு மேலே பிடித்தான்.

"நனைஞ்சா கரண்டு அடிக்கும்," என்றான். "சொல்லி முடி."

அவன் தோள் முழுக்க நனைந்துகொண்டிருந்தது.