நடுவில் நின்றவர்

முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக ஓடியாடி ஓய்வுபெற்ற மனுஷன், அவ்வளவு பெரிய கோயிலில் முதலில் எதைப் பார்த்தார் என்கிறீர்கள்? லிஃப்டைத்தான். கதவு திறந்தபோது உள்தரையும் வெளித்தரையும் ஒரு நூல்கூடப் பிசகாமல் சேர்ந்து நின்றன. "பலே, வேலை தெரிஞ்சவன்யா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். பக்கத்தில் ஆமாம் போட ஆள் இல்லை. மனைவி போய் நாலு வருஷமாகிறது.

வெளிநாட்டில் இருக்கும் ஒரே மகள் இந்த லீவுக்காவது வருவாளா, மாட்டாளா? அவருக்கு இருந்த கவலை அது ஒன்றுதான். போன இரண்டு லீவும் ஏதேதோ சாக்கில் கைநழுவிப் போயின. சந்நிதியில் கண்ணை மூடி அதைத்தான் கேட்டார். சாமியிடம் கேட்கத் தெரிந்தவருக்கு மகளிடம் "வாம்மா" என்று ஒரு வார்த்தை கேட்க வாய் வராது. வறட்டு வீம்பு! கோயில் முன்னால் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பினால், 'எனக்கும் காட்டுங்கப்பா' என்று அவளே கிளம்பி வந்துவிடுவாளாம். அப்படி ஒரு நினைப்பு.

செல்போனைத்தான் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்களே! "கூட எத்தனை பேர்?" என்று கேட்ட கவுண்டர்ப் பெண்ணிடம் "நான் மட்டும்தான்" என்று இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. ஆக, குளத்துப் படிக்கட்டில் கேமராவோடு நிற்கும் கோயில் போட்டோகிராபர்தான் கதி.

அங்கே இவருக்கு முன்னால் இருபது பேர். புதுசாகச் சம்பந்தம் பண்ணிக்கொண்ட இரண்டு குடும்பம். யார் யாருக்கு என்ன முறை என்பதே இன்னும் பிடிபடாமல், எல்லோரும் எல்லோரையும் பார்த்துச் சிரித்துவைத்தார்கள்.

"பெரியவரே, ஏன் ஒதுங்கி நிக்கிறீங்க? நடுவுல வாங்க!" என்றார் போட்டோகிராபர்.

"இல்லப்பா, நான்..."

"அட, கூச்சப்படாம வாங்க மாமா!" மாப்பிள்ளையின் அண்ணன் கையைப் பிடித்து இழுத்தான். இவரைப் பெண் வீட்டுப் பெரியவர் என்று நினைத்துவிட்டான். பெண்ணின் அப்பாவோ, மாப்பிள்ளை வீட்டுப் பெரிய தலை போலிருக்கிறது என்று பயந்து தன் இடத்தையே விட்டுக்கொடுத்தார். யாரோ ஒரு கைக்குழந்தையை இவர் கையில் திணித்தார்கள். அது சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. உண்மையைச் சொல்லலாம். சொன்னால் குழந்தையை வாங்கிக்கொள்வார்களே! குழந்தையை அணைத்தபடி கேமராவைப் பார்த்தார். படம் வேண்டியவர்கள் போட்டோகிராபரிடம் போன் நம்பர் சொன்னபோது, அவரும் மெல்லத் தன் நம்பரைச் சொன்னார்.

வாசலில் போனைத் திரும்ப வாங்கியதும் படம் வந்திருந்தது. மகளுக்கு அனுப்பி இரண்டு நிமிஷம் ஆகவில்லை, கூப்பிட்டுவிட்டாள்.

"அப்பா! ஆளே மாறிட்டீங்க! யாரு இவங்கல்லாம்?"

"நம்ம... வேண்டியவங்கம்மா."

"அந்தக் குட்டி உங்ககிட்ட எப்படி ஒட்டிக்கிட்டு இருக்கு!" என்றாள். "நீங்க தனியா கிடக்கிறீங்களேன்னு எனக்குத் தூக்கமே இல்லப்பா. எப்படியாவது ஒரு மாசம் வந்து கூட இருக்கணும்னு டிக்கெட்கூடப் பார்த்து வச்சிருந்தேன். இப்பதான் நிம்மதியா இருக்கு. அடுத்த வருஷம் நிதானமா வரேனே, சரியா?"

'வந்துடும்மா' என்பது தொண்டைவரைக்கும் வந்தது.

"சரிம்மா," என்றார் அந்த வீம்புக்காரர். "இங்கதான் இத்தனை பேர் இருக்காங்களே."